எலிக்கு ஏழு நாள் முன்னாடியே குடுத்துட்டாங்க

"லிவருக்கு எதாவது நல்ல டானிக் இருந்தா குடு தம்பி"ன்னு யாராவது வந்து நிக்காத ஞாயித்துக்கெழமை சாயங்காலம் எங்க கடைக்குக் கெடையாது. கடை கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம். இங்கேர்ந்து வண்டிய எடுத்தா கொஞ்ச நேரத்துல பாண்டிச்சேரி பார்டர், அதத் தாண்டுனா முள்ளோடை, அங்க பாட்டில் வெல கம்மி, அதனால சனிக்கெழமை அந்தப் பக்கம் போனவங்க ஞாயித்துக்கெழமை இந்தப் பக்கம் வந்து ஈரலுக்கு மருந்து கேக்கறது ஒரு சடங்காவே ஆயிடுச்சி. முன்னல்லாம் டானிக்கோட விட்டுடுவாங்க. இப்ப செல்ல எடுத்து நீட்டறாங்க. "இத படிச்சியா? விஷத்தால கெட்டுப்போன ஈரலக் கீழாநெல்லி காப்பாத்துதுன்னு ஆராய்ச்சியே பண்ணிட்டாங்களாம், அப்புறம் எதுக்கு உங்க இங்கிலீஷ் மாத்திரை?"

மொதல்லயே சொல்லிடறேன், அந்த ஆராய்ச்சி பொய் இல்ல. ஃபார்வர்டுல வர்ற தலைப்பு வேணா பொய்யா இருக்கலாம், ஆனா உள்ள இருக்கற எலி நெஜம், ஈரல் நெஜம், ரத்த ரிப்போர்ட்டும் பெரும்பாலும் நெஜம். இந்தியாவுல ஃபார்மசி காலேஜ், பயோகெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் எங்க போனாலும் இந்த வேலை நடக்கும், நம்ம மாவட்டத்துலயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலேர்ந்து இந்த மாதிரி எலி ஆராய்ச்சி பேப்பருங்க நெறைய வந்திருக்கு. நான் எம்.ஃபார்ம் படிச்சப்போ எனக்குக் கெடைச்ச ப்ராஜெக்ட்டும் இதே ஜாதிதான், அதனால அந்த எலிங்களக் கையில புடிச்சவன்ற முறையில உள்ள என்ன நடக்குதுன்னு எழுதலாம்னு தோணுச்சி. நீளமா போவும், டீ எதாவது போட்டுக்கங்க.

விஸ்டார்னு ஒரு வகை வெள்ளை எலி, கண்ணு செவப்பா இருக்கும், எடை 150லேர்ந்து 200 கிராம். எதிக்ஸ் கமிட்டி கையெழுத்து போட்டாத்தான் கூண்டத் தொறக்கவே முடியும். ஒரு க்ரூப்புக்கு ஆறு எலி, மொத்தம் அஞ்சு க்ரூப்பு. மொத க்ரூப்புக்கு ஒண்ணும் கெடையாது, தின்னுட்டுத் தூங்கலாம். ரெண்டாவதுக்கு வெறும் விஷம். மூணாவதுக்கு விஷத்தோட சிலிமாரின், அதுதான் ஒப்பிட்டுப் பாக்கற மருந்து. நாலு, அஞ்சுக்கு விஷத்தோட நம்ம தழையோட எக்ஸ்ட்ராக்ட், அதாவது தழையிலேர்ந்து எறக்குன சாறு, ஒண்ணுக்கு ஒடம்பு எடை கிலோவுக்கு 200 மில்லிகிராம், இன்னொண்ணுக்கு 400. இந்த அச்சு எத்தனையோ வருஷமா அப்படியே இருக்கு, செடி பேர மட்டும் மாத்திக்கிட்டே போனா பேப்பர் மேல பேப்பர் வந்துக்கிட்டே இருக்கும். அதுல தோத்துப்போன செடின்னு ஒண்ண நான் படிச்சதே இல்லன்னுதான் சொல்லணும். பீர்க்கங்கா தோலக் குடுத்தாலும் ஈரல் பொழைச்சிக்கும் போலன்னு லேப்ல கிண்டல் பண்ணிப்போம்.

மருந்து குடுக்கறதுக்கு நுனியில சின்ன உருண்டை வெச்ச வளைஞ்ச ஊசி ஒண்ணு இருக்கு. எலியக் கழுத்துப் பின்னாடி தோலோட புடிச்சித் தூக்கி, தலை அசையாம பாத்துக்கிட்டு, வாயோரமா நுழைச்சி மெதுவா உணவுக்குழல்ல எறக்கணும், அழுத்தவே கூடாது, அதுவா எறங்கணும், மூச்சுக்குழல் பக்கம் போயிட்டா எலி அங்கயே முடிஞ்சிது. எலிக்கு வாந்தி எடுக்கவே வராதுங்கறது எனக்கு அங்கதான் தெரிஞ்சிது. உள்ள போனது போனதுதான். விஷம் பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடு, நிறம் இல்லாத, கொஞ்சம் தித்திப்பு வாசனை அடிக்கற திரவம், அத ஆலிவ் எண்ணெயில கலந்து குடுப்பாங்க. அடுத்த நாள் கண்ணோரமா ரத்தம் எடுத்து எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.ன்னு ஈரல் கெட்டா ரத்தத்துல ஏறுற ரெண்டு என்சைமையும் பாத்துட்டு, எலியக் கொன்னு ஈரல வெளிய எடுப்பாங்க. ஒண்ணும் வாங்காத எலியோட ஈரல் கருஞ்செவப்பா, பளபளன்னு, ஓரம் கூர்மையா இருக்கும். வெறும் விஷம் வாங்குனதோட ஈரல் வெளுத்து, மஞ்ச பூத்து, வீங்கி, ஓரமெல்லாம் மழுங்கி, வெரல் பட்டாலே கொழகொழங்கும். எக்ஸ்ட்ராக்ட் வாங்குன எலியோடது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கும், 400 வாங்குனது நல்ல ஈரலுக்குக் கொஞ்சம் பக்கத்துலயே இருக்கும். தட்டுல வரிசையா வெச்சிப் பாக்கறப்போ யாருக்கா இருந்தாலும் சந்தோஷமாத்தான் இருக்கும், தழை வேலை செய்யுதுன்னு கண்ணாலயே தெரியுதே.

ஆனா எக்ஸ்ட்ராக்ட்ட எப்பக் குடுத்தாங்க? அதத்தான் யாரும் ஃபார்வர்டுல போடறது இல்ல. வழக்கமா ஏழு நாள், சில பேர் பதினாலு நாள், தினமும் காலைல எக்ஸ்ட்ராக்ட்ட ஊத்திட்டு, கடைசி நாள்லதான் விஷம். அதாவது எலி, விஷம் குடிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மருந்து குடிக்க ஆரம்பிச்சிடுது. கெடிலம் ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடி கரைய ஒசத்தறதும், தண்ணி வீட்டுக்குள்ள பூந்தப்புறம் மூட்டை அடுக்கறதும் ஒண்ணா என்ன? நெஜ வாழ்க்கையில வெஷம் உள்ள போனவங்க யாரும் அதுக்கு ஒரு வாரம் முன்னாடி கீழாநெல்லி அரைச்சிக் குடிச்சிட்டு வர்றது இல்ல. கேஷுவாலிட்டிக்கு வர்ற எல்லாருமே அப்புறம்தான் வர்றாங்க. விஷம் குடுத்தப்புறம் எக்ஸ்ட்ராக்ட் குடுத்துப் பாத்த ஆராய்ச்சியும் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா முன்கூட்டியே குடுத்ததோட பக்கத்துல வெச்சா ரொம்பக் கம்மி. ஏன் கம்மின்னு லேப்ல இருந்த யாருக்கும் தெரியும், முன்கூட்டியே குடுத்தா ரிசல்ட் அழகா வரும், தீசிஸ் முடியும்.

இன்னொரு உள்குத்தும் இருக்கு. கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே இருந்தா ஈரல இந்த அளவுக்கு அழிக்காது. ஈரல் செல்லுக்குள்ள சைட்டோக்ரோம் பி450ன்னு ஒரு என்சைம் கூட்டம் இருக்கு, வெளியேர்ந்து வர்ற வேண்டாத சரக்க மாத்தி அனுப்பறதுதான் அதோட வேலை, அது இந்தத் திரவத்தயும் வழக்கம் போல மாத்தப் போயி ட்ரைகுளோரோமெத்தில்னு ஒரு ஃப்ரீ ராடிக்கல, அதாவது பக்கத்துல இருக்கறத எல்லாம் தாக்கற துண்டு மூலக்கூற, உண்டாக்கிடுது, அதுதான் செல்லோட கொழுப்புச் சவ்வ ஒண்ணு தொட்டு ஒண்ணுன்னு பொசுக்கிக்கிட்டே போவுது. காப்பாத்த வேண்டிய ஈரல் தன் கையாலயே விஷத்தத் தயாரிக்குது. இப்ப ஏழு நாளா குடுத்த தழை அந்த என்சைம மட்டும் கொஞ்சம் மந்தமாக்கிட்டா என்ன ஆவும்? விஷமே உண்டாகாது, ஈரல் பளபளன்னு இருக்கும், தழை ஈரலக் காப்பாத்திடுச்சின்னு பேப்பர்ல எழுதிடலாம். தழை ஈரல ஒண்ணுமே பண்ணல, தயாரிப்பத் தடுத்துது, அவ்ளோதான். அதே தழையத் தின்னுட்டு அந்த என்சைம் வழியா வெளியேற வேண்டிய வேற மாத்திரைய ஒருத்தர் போட்டா அந்த மாத்திரை ஒடம்புல தேங்க ஆரம்பிக்கும். எங்க கடைக்கு வர்ற சுகர், பிபி, வலிப்பு பேஷண்டுங்க கஷாயமும் சேத்துக் குடிக்கிறேன்னு சொன்னா நான் டாக்டர்கிட்டயும் அத மறைக்காம சொல்லுங்கன்னு நச்சரிக்கறது இதுக்காகத்தான்.

அப்புறம் இன்னிக்கி கார்பன் டெட்ராகுளோரைடு உள்ள போயி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க யாரு? ஒரு காலத்துல துணி ட்ரைக்ளீன் பண்ணவும் தீயணைக்கவும் வெச்சிருந்தாங்க, ஓசோனக் கெடுக்குதுன்னு 1987ல போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அந்த உபயோகமெல்லாம் போயிடுச்சி. நம்ம பக்கத்துல வர்றது பூச்சிமருந்து, எலி பேஸ்ட்டு, சாராயம், மாத்திரை. விஷம் வேற, கணக்கும் வேற.

தயாரிப்பத் தடுக்கறதுன்னு சொன்னேன்ல, அத நெஜமாவே மருத்துவத்துல பண்றாங்க. நம்ம பக்கத்துலயே நடந்த கதைதான். 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி, ரெண்டுமே மெத்தனால் கலந்த சாராயம். கள்ளக்குறிச்சில மட்டும் அறுபது பேருக்கு மேல போயிட்டாங்க, பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் மேல ஆம்புலன்ஸ் வந்து நின்னத நம்ம ஊர்ல டிவில பாக்காதவங்க இருக்க மாட்டாங்க. மெத்தனாலும் கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரியேதான், உள்ள போனப்புறம்தான் எமன் ஆவுது. ஈரல்ல இருக்கற ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ்ங்கற என்சைம் அத ஃபார்மால்டிஹைடா மாத்தி, அது ஃபார்மிக் ஆசிடா மாறி, கண்ணு நரம்பத்தான் மொதல்ல புடிக்கும், ரத்தமே புளிச்சிப் போவும். ஃபோமெபிசோல்னு ஒரு ஊசி அந்த என்சைம நிறுத்திடும். அது கெடைக்கலன்னா எத்தனாலயே, அதாவது பிராந்தி, விஸ்கில இருக்கற ஆல்கஹாலயே, அளந்து குடுப்பாங்க, அந்த என்சைமுக்கு மெத்தனால விட எத்தனால்தான் ரொம்பப் புடிக்கும், அத மாத்திக்கிட்டு இருக்கற நேரத்துல மெத்தனாலும் ஆசிடும் டயாலிசிஸ்ல வெளிய போயிடும். (இதப் படிச்சிட்டு வீட்ல பிராந்தி ஊத்திக் குடுக்கற வேலை வேணாம் சாமி, ரத்தத்துல இவ்ளோ இருக்கணும்னு கணக்கு இருக்கு, ஆஸ்பத்திரியில பண்றது அது.) இங்க விஷம் போனப்புறம் குடுத்தும் மருந்து வேலை செய்யுது, ஏன்னா மெத்தனால் மொத்தமும் மாறி முடிய நேரம் ஆவும், அந்த நேரத்துக்குள்ள போயி மறிச்சிடலாம். ஆசிடு ஏற்கனவே கண்ணுல வேலையக் காட்டிட்டா எந்த ஊசியாலயும் அந்தப் பார்வையக் கண்டிப்பா திருப்பித் தர முடியும்னு சொல்ல முடியாது.

பாராசிட்டமாலும் இதே வம்சம்தான். ஒரு நாளைக்கி நாலு கிராமுக்குள்ள போட்டுக்கிட்டா பெரியவங்களுக்கு அதவிட சாதுவான மாத்திரை இல்ல. அளவு மீறுனா அதே பி450 கூட்டம் அத NAPQI (நாப்-கி) அப்படிங்கற ஒரு நச்சுப்பொருளா மாத்துது, அதக் கட்டிப்போட ஈரல் வெச்சிருக்கற குளூட்டாதயோன் தீந்துபோச்சின்னா அப்புறம் ஈரலயேதான் அது தின்னும். எடின்பரோல 1970கள்ல தேடித்தேடி அதுக்கு ஒரு மாத்து கண்டுபுடிச்சாங்க, என்-அசிட்டைல்சிஸ்டைன், தீந்துபோன குளூட்டாதயோன ஈரல் திரும்பச் செஞ்சிக்க மூலப்பொருள் குடுக்கற மருந்து. எட்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிட்டா ஈரல் ஏறக்குறைய முழுசாத் தப்பிச்சிடும், அதுக்கு மேல ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். எலி பேப்பருங்கள்ல கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மஞ்சள்னு நூத்துக்கணக்குல பாராசிட்டமால் ஆராய்ச்சி இருக்கு, எல்லாத்துலயும் எலி பொழைச்சிருக்கு, அதுல ஒண்ணு கூட இந்த மருந்துக்குப் பதிலா எந்த ஆஸ்பத்திரியிலயும் வந்து ஒக்காரல.

கீழாநெல்லிக்கு வருவோம், அதப் பேசாம இந்தப் பக்கத்து ஆளுங்க விட மாட்டீங்க. எங்க ஆயா மழை விட்டதும் கொல்லையில குந்திக்கிட்டு எலைக்குக் கீழ வரிசையா காய் தொங்குதான்னு திருப்பிப் பாத்துத்தான் புடுங்கும், மேல பூக்கறது வேற செடின்னு தூக்கிப் போட்டுடும். அம்மியில வெழுதா அரைச்சி மோருல கலக்கி வெறும் வயித்துல குடுக்கும், உப்பு கெடையாது, எண்ணெ கெடையாது. அதுக்குப் பின்னாடி அறிவியலே இல்லன்னு சொன்னா அது அநியாயம். ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின்னு ரெண்டு சரக்கு அதுலேர்ந்து பிரிச்சி எடுத்து, தனியா எடுத்த எலி ஈரல் செல்லுல 1985லயே காட்டிட்டாங்க. அதவிடப் பெருசு 1988. மெட்ராஸ் யுனிவர்சிட்டி தியாகராஜன் குழு ஹெபடைடிஸ் பி கிருமிய ஒடம்புல வெச்சிருந்த ஆளுங்களுக்கு ஒரு மாசம் கீழாநெல்லிப் பொடி குடுத்து லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதுனாங்க, அந்தக் கிருமியக் கண்டுபுடிச்சி நோபல் வாங்குன ப்ளூம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில கூட்டு. மருந்து சாப்ட்டதுல 59 சதவீதம் பேருக்குக் கிருமியோட அடையாளம் ரத்தத்துலேர்ந்து போயிடுச்சி, வெத்துப் பொடி சாப்ட்டதுல 4 சதவீதம். ஒலகமே திரும்பிப் பாத்துது. எங்க கடைக்கு வர்ற பெரியவங்க இன்னிக்கும் சொல்றது இந்தக் கதைதான், எங்க படிச்சோம்னு தெரியாமலே சொல்றாங்க.

கதையோட அடுத்த பாதி யாருக்கும் வரல. தாய்லாந்துல அதையே செஞ்சிப் பாத்தாங்க, கிருமி போகல, அதுவும் லான்செட்லதான் 1990ல வந்துது. மத்த எடத்துலயும் அந்த 59 திரும்ப வரவே இல்ல. செடி விளைஞ்ச மண்ணு, பறிச்ச மாசம், ஜாதி மாறிப்போச்சின்னு காரணம் சொன்னாங்க, இருக்கலாம், ஆனா மண்ணு மாறுனா வேலை செய்யாதுன்னா அத எப்படி மருந்துன்னு நம்பி ஒரு நோயாளி கையில குடுக்கறது?

மஞ்சக்காமாலைக்கு வேற ஒரு சூட்சுமம் இருக்கு. நம்ம ஊர்ல வர்ற காமாலையில நெறைய, கெட்ட தண்ணியால வர்ற ஹெபடைடிஸ் ஏ, அது பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானா எறங்கிடும். கீழாநெல்லி குடிச்சாலும் எறங்கும், மந்திரிச்சாலும் எறங்கும், சும்மா படுத்திருந்தாலும் எறங்கும். அதனால காமாலைக்கு மருந்து குடுக்கற எந்த நாட்டு வைத்தியருக்கும் கெட்ட பேர் வர்றதே இல்ல. நல்ல பேர் சேந்துக்கிட்டே போவும், நெஜமாவே ஈரல் செத்துக்கிட்டு இருக்கறவங்களயும் அந்தப் பேர நம்பி அங்கேயே கூட்டிட்டுப் போவாங்க.

எலி பேஸ்ட்டு விஷயத்துல நடக்கறது இதுதான், எனக்கு வயிறு எரியறதும் இங்கதான். மஞ்ச பாஸ்பரஸ் இருக்கற பேஸ்ட்டு அது. மொத நாள் வாந்தி வரும், அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் ஆளு நல்லாவே இருப்பாங்க, சாப்டுவாங்க, பேசுவாங்க, வீட்டுல "ஒண்ணும் இல்ல, தப்பிச்சிட்டான்"னு மூச்சு விடுவாங்க. அந்த அமைதியிலதான் ஈரல் உள்ளுக்குள்ள போயிக்கிட்டு இருக்கும். அப்புறம் கண்ணு மஞ்சளாவும். மஞ்சளப் பாத்ததும் "காமாலை"ன்னு நாட்டு மருந்துக்கு வண்டி கட்டுவாங்க, அங்க ரெண்டு நாள், பத்தியச் சோறு ரெண்டு நாள், அப்புறம் மூக்குல ரத்தம் வந்து பேச்சு கொழறுனப்புறம் ஆஸ்பத்திரி. அதுக்குன்னு ஒரு முறிவு மருந்து கெடையாது, பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல ப்ளாஸ்மா மாத்திப் பாக்கறாங்க, சில பேருக்கு ஈரல் மாத்தறதுதான் வழி, ரெண்டுக்குமே ஆள சீக்கிரம் கொண்டு போவணும். தமிழ்நாடு அரசு அந்த பேஸ்ட்டத் தடை பண்ணது நல்ல வேலை. முழுசா கடையிலேர்ந்து போயிடுச்சான்னு என்னக் கேக்காதீங்க, மளிகைக்கடை அண்ணாச்சியக் கேளுங்க.

சரி, "எலைதானே, பக்க விளைவு வராது"ன்ற வசனம். கடலூர் மாவட்டத்துக்காரன் இதச் சொன்னா எனக்குச் சிரிப்புதான் வருது. பிச்சாவரத்துல படகுல போறப்போ தில்லை மரத்தக் காட்டுவாங்க, சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு குடுத்த மரம், அதோட பாலு கண்ணுல பட்டா பார்வையே போற அளவுக்கு எரிச்சல், தோல்ல பட்டா கொப்புளம். ஒடுவன் தழைய இந்தப் பக்கத்துல தெரியாதவங்க இல்ல, அது சிறுநீரகத்தப் புடிச்சி, பொட்டாசியத்த எறக்கி, ரத்தத்துல ஆசிடு ஏத்தி, இதயத் துடிப்பயே கொழப்பிடும், அதுக்கும் முறிவு மருந்து இல்ல, ஜிப்மர்லயும் வேலூர் சிஎம்சிலயும் அதப் பத்தி வருஷக்கணக்கா எழுதியிருக்காங்க. அதுவும் பச்சை எலைதான், எந்தக் கெமிக்கலும் கலக்காத எலை.

விஷமுறிவுன்னே பேர் வாங்குன செடியும் இந்தக் கணக்குல வருது. ஈஸ்வரமூலி, பெருமருந்துக்கொடின்னும் சொல்லுவாங்க, பாம்புக்கடிக்கு, பூரான் கடிக்குன்னு ஊர்ல வேரு வெச்சிருப்பாங்க. அதுல இருக்கறது அரிஸ்டோலோக்கிக் ஆசிடு. அந்தக் குடும்பத்துச் சீனச் செடி ஒண்ணு 1990களோட தொடக்கத்துல பெல்ஜியத்துல எடை கொறைக்கற மருந்துல ஆள் மாறிக் கலந்துபோயி நூறு பொம்பளைங்களுக்கு மேல கிட்னி போச்சி, நெறைய பேருக்குச் சிறுநீர்ப்பாதையில கேன்சரும் வந்துது. ஒலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் பிரிவு அத மனுஷனுக்குக் கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான மொத வகுப்புலயே வெச்சிருக்கு. சீந்தில் கதை இன்னும் கிட்டத்துல நடந்தது. எலி ஈரலக் காப்பாத்துதுன்னு சீந்திலுக்கு எத்தனையோ பேப்பர் இருக்கு, கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்தின்னு வீட்டுக்கு வீடு குடிச்சாங்க, 2021ல மும்பை டாக்டருங்க அதக் குடிச்சி ஈரல் வீங்கி வந்த ஆறு பேரோட விவரத்த வெளியிட்டாங்க. ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கல, அது வேற செடியா இருக்கும்னு சொன்னாங்க, அப்புறமும் பல ஊர்லேர்ந்து அதே மாதிரி கேஸ் வந்துது. எலிய ஏழு நாள் காப்பாத்துனது மனுஷன மாசக்கணக்குல காப்பாத்தும்னு யாரு உத்தரவாதம் குடுத்தா?

அளவையும் ஒரு தடவை போட்டுப் பாக்கலாம். எலிக்கு கிலோவுக்கு 400 மில்லிகிராம். எலிக் கணக்க மனுஷனுக்கு மாத்த 6.2ஆல வகுக்கணும், கிலோவுக்கு 65 மில்லிகிராம் வரும், 60 கிலோ ஆளுக்கு நாலு கிராம் எக்ஸ்ட்ராக்ட். நூறு கிராம் காஞ்ச பொடியிலேர்ந்து பத்து கிராம் எக்ஸ்ட்ராக்ட் வருதுன்னு வெச்சிக்கிட்டா தினமும் 40 கிராம் பொடி, பச்சையா பாத்தா கால் கிலோ கிட்ட தழை, அதுவும் ஆல்கஹால்ல மணிக்கணக்கா சாறு எறக்குனது. ஆயா மோருல கலக்குன கைப்பிடிக்கும் அந்தப் பேப்பருக்கும் செடி பேரத் தவிர பெருசா சொந்தம் கெடையாது.

இதுக்காக செடியே வேணாம்னு நான் சொல்லல. செடியிலேர்ந்து வந்த விஷமுறிவு தெனம் தெனம் நம்ம கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில உசுரு காப்பாத்திக்கிட்டு இருக்கு, யாரும் அத ஃபார்வர்டு பண்ணாததுதான் எனக்கு ஆச்சரியம். அட்ரோபின். பெல்லடோனான்னு ஒரு ஐரோப்பியச் செடியிலேர்ந்து 1830கள்ல பிரிச்சி எடுத்தது, நம்ம சிவன் கோயில்ல வெக்கற ஊமத்தையிலயும் அதே சரக்குதான் இருக்கு, ரெண்டும் கத்திரிக்காய்க் குடும்பம். வயல்ல அடிக்கற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து உள்ள போனா வாயில நொரை தள்ளும், வேர்த்துக் கொட்டும், கண்ணு பாப்பா ஊசிமுனையா சுருங்கிடும், நுரையீரல் பூரா தண்ணி கட்டி மூச்சு முட்டும். அப்ப நர்ஸம்மா 0.6 மில்லிகிராம் ஆம்ப்யூல ஒண்ணு மேல ஒண்ணா ஒடைச்சிக்கிட்டே இருப்பாங்க, டாக்டர் ஸ்டெத்த முதுகுல வெச்சிக் கேட்டுக்கிட்டே இருப்பாரு, நெஞ்சுல கொர்கொர்னு வர்ற சத்தம் நின்னு, நாடி எம்பதத் தாண்டுற வரைக்கும் அளவ ரெண்டு மடங்கு ரெண்டு மடங்கா ஏத்துவாங்க. இதே அட்ரோபின் ஊமத்தை விதையில செடிக்குச் செடி கூடக் கொறைய இருக்கும், ஒரு செடியில ஒண்ணும் ஆவாது, பக்கத்துச் செடியில ஆளு பைத்தியம் புடிச்ச மாதிரி ஓடுவான். பிரிச்சி, அளந்து, எப்பக் குடுக்கணும்னு கண்டுபுடிச்சப்புறம்தான் அது மருந்தாச்சி.

ஒப்பிட வெச்ச சிலிமாரினும் அப்படித்தான், ஐரோப்பாவுல முள்ளுச்செடி ஒண்ணோட விதையிலேர்ந்து எடுக்கறது. அதுலேர்ந்து செஞ்ச சிலிபினின் ஊசிய விஷக் காளான் தின்னவங்களுக்கு அங்க குடுக்கறாங்க, தின்னப்புறம்தான் குடுக்கறாங்க. காளான் விஷம் ஈரல் செல்லுக்குள்ள நுழையற கதவ அது அடைக்குது, அந்த விஷமோ பித்தத்தோட கொடலுக்குப் போயி திரும்பத் திரும்ப ஈரலுக்கே வரும், அதனால லேட்டா அடைச்சாலும் அடுத்த சுத்த மறிக்கலாம். நம்ம கீழாநெல்லி ஆளுங்க இந்த மாதிரி ஒரு கேள்வியக் கேட்டு, விஷம் போயி நாலு மணி நேரம் கழிச்சி, பன்னெண்டு மணி நேரம் கழிச்சின்னு குடுத்துப் பாத்து, தோத்தா தோத்ததயும் எழுதுனா, நான் கடை வேலைய விட்டுட்டு ஒக்காந்து படிப்பேன். இன்னொரு தடவை ஆறு எலி, ஏழு நாள், 200, 400ன்னு வந்தா பக்கத்தத் திருப்பிடுவேன்.

டானிக் கேக்கற அண்ணன்களுக்கு என் பதில் எப்பவும் ஒண்ணுதான், உள்ள வர்ற சாராயத்த நிறுத்தாம, கெட்டுப்போற ஈரலுக்கு மருந்து கெடையாதுண்ணே, மொதல்ல ஒரு லிவர் டெஸ்ட்டு எடுங்க. பாதிப் பேர் மொறைச்சிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போறாங்க.

வீட்டுல யாருக்காவது விஷம் உள்ள போயிடுச்சின்னா சோப்புத் தண்ணி, சாணிக் கரைசல், உப்புத் தண்ணின்னு ஊத்தி வாந்தி எடுக்க வெக்காதீங்க, நுரையீரலுக்குள்ள போயி அது வேற சாவு. 108க்கு அடிங்க. மனசு ஒடைஞ்சி அந்த யோசனையில யாராவது இருக்காங்கன்னு தெரிஞ்சா 14416, டெலி மானஸ், காசு கெடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ஆஸ்பத்திரிக்குப் போறப்போ டப்பாவோ கவரோ அட்டையோ எது கெடந்துதோ அத அப்படியே எடுத்துட்டுப் போங்க, எலை தின்னிருந்தா அந்த எலையையே ஒரு கொத்து. "காத்தால எதோ சாப்ட்டுச்சி"ன்னு சொன்னா பத்தாது, எத்தனை மணின்னு முடிஞ்ச வரைக்கும் சரியா சொல்லுங்க. பாராசிட்டமாலுக்கு அந்த மணிய வெச்சித்தான் ரத்தத்துல இருக்கற அளவு ஆபத்தா இல்லையான்னு ஒரு சார்ட்டப் பாத்து முடிவு பண்றாங்க, அந்த சார்ட்டே நாலாவது மணி நேரத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது.